இலத்தீன் பூசை, புதுத் திருப்பலி, நடுவில் நாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். "அண்ணே, வத்திக்கான் சங்கம் தப்பாமே?" "கையில நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கினா பாவமாமே?" எல்லாம் யூடியூப் உபயம். அமெரிக்காவில் யாரோ ஒருவர் முக்காடும் இலத்தீனும் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார், அது இங்கே டீக்கடை வரை வந்துவிடுகிறது. நான் குரு இல்லை, இறையியல் பட்டமும் கிடையாது, பல வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன், அவ்வளவுதான். வாசலில் சொன்ன பதில்களையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

என்ன சண்டை இது? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1962 அக்டோபர் 11-ல் திருத்தந்தை 23-ஆம் யோவான் வத்திக்கானில் ஒரு பொதுச் சங்கத்தைத் தொடங்கினார். உலகம் முழுக்க இருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள் வந்தார்கள். நடுவில் அவர் இறந்துபோக, 6-ஆம் பவுல் தொடர்ந்து நடத்தி 1965 டிசம்பர் 8-ல் முடித்தார். 16 ஏடுகள் வெளிவந்தன. அதற்கு அப்புறம் வந்த பத்து வருடங்களில் பூசையின் மொழி, பீடத்தின் திசை, செபங்கள், பிற சமயங்களைப் பற்றிய பேச்சு, கன்னியர் உடுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாமே மாறிப்போயின. இந்த மாற்றம் திருச்சபையைக் காப்பாற்றியதா, கெடுத்ததா என்பதுதான் சண்டை. அறுபது வருடமாக ஓயவில்லை.

சங்கம்தானே இலத்தீனை ஒழித்தது?

இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். திருவழிபாடு பற்றிய ஏடு 1963 டிசம்பர் 4-ல் 2,147 வாக்குகளோடு நிறைவேறியது, எதிர்த்தவர்கள் வெறும் 4 பேர். அதன் 36-ஆம் எண்ணைப் புரட்டிப் பாருங்கள்: இலத்தீன் வழிபாட்டு முறைகளில் இலத்தீன் மொழி காக்கப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல, மக்களுக்குப் பயன் என்பதால் தாய்மொழிக்கு அதிக இடம் தரலாம் என்று வருகிறது. 54-ஆம் எண் இன்னும் ஒரு படி போய், மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 116-ல் கிரகோரியன் இசைக்கு முதலிடம்.

கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்தார்கள், அதன் வழியாக ஊரே உள்ளே வந்துவிட்டது. 1965 மார்ச் 7-ல் 6-ஆம் பவுலே உரோமையில் ஒரு பங்குக் கோவிலில் இத்தாலியத்தில் பூசை வைத்தார். நான்கே வருடத்தில், 1969 நவம்பரில், புதுத் திருப்பலி நடைமுறைக்கு வரும் வாரத்தில், இலத்தீனைப் பிரிவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவரே மக்கள் முன்னால் வருத்தப்பட்டுப் பேசினார். புரிந்துகொள்ளும் செபம் அதைவிட மேல் என்பதற்காக அந்த விலையைக் கொடுக்கிறோம் என்றார். ஆணை போட்ட கையே கண்ணையும் துடைத்துக்கொண்டது.

சாமியார் நம் பக்கம் திரும்பியது, பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியைப் பெயர்த்தது, கையில் நன்மை கொடுத்தது?

சங்க ஏட்டில் பீடத்தைத் திருப்பச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. 1964-ல் வந்த செயல்முறை அறிவுரையில்தான், பீடம் சுவரை விட்டுத் தள்ளி இருப்பது நல்லது, அப்போது மக்களை நோக்கியும் பூசை வைக்க முடியும் என்று வந்தது. கிராதியைப் பெயர்க்கச் சொல்லிச் சங்கத்தில் யாரும் வாக்களிக்கவில்லை. அந்தந்த ஊரில் யாருக்கோ புதுமை ஆசை, ஒரு கொத்தனாரும் கிடைத்தார்.

கையில் நன்மை வாங்கும் விஷயம் இன்னும் வேடிக்கை. உலக ஆயர்களிடம் கருத்துக் கேட்டார்கள். 1,233 பேர் வேண்டாம் என்றார்கள், 567 பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் நிபந்தனையோடு. அதனால் 1969 மே மாத ஆவணம் நாவில் வாங்குவதே வழக்கம், அது தொடரட்டும் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கையில் கொடுக்கத் தொடங்கிவிட்ட நாடுகளில் மட்டும் ஆயர் பேரவை கேட்டால் அனுமதி தரலாம் என்றது. முன் அனுமதி இல்லாமல் ஆரம்பித்தவர்களுக்குத்தான் அனுமதி! பழமைவாதிகளுக்குக் கோபம் வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் கையில் வாங்குவது பாவம் என்பது தப்பு. ஆதித் திருச்சபையில் அந்த வழக்கம் இருந்தது, இன்று உரோமையின் அனுமதியும் இருக்கிறது. நாவில் கேட்பவருக்கு மறுக்கவும் கூடாது.

பழைய பூசைக்கும் புதுத் திருப்பலிக்கும் மொழி மட்டும்தான் வித்தியாசமா?

மொழி ஒன்றுமே இல்லை. புதுத் திருப்பலியையும் முழுக்க இலத்தீனில், பீடத்தை நோக்கி நின்று வைக்கலாம், தடை கிடையாது. வித்தியாசம் செபங்களில் இருக்கிறது.

திரிதெந்து (Trent) நகரில் கூடிய பழைய பொதுச் சங்கத்துக்குப் பிறகு 1570-ல் 5-ஆம் பயஸ் முறைப்படுத்திய பூசைப் புத்தகம்தான் சிறுசிறு மாற்றங்களோடு 1962 வரை வந்தது. அதில் காணிக்கைச் செபங்கள் "பலி, மாசற்ற பலி" என்று அழுத்தி அழுத்திச் சொல்லும். நடுப்பகுதியைக் குரு வாய்க்குள் சொல்வார், கோவிலே நிசப்தமாக இருக்கும், மணி அடித்தால்தான் நிமிர்ந்து பார்ப்பது. 1969-ல் காணிக்கைச் செபங்கள் மாற்றி எழுதப்பட்டன, அவை யூத உணவு ஆசீரின் சாயலில் இருக்கும். நற்கருணை மன்றாட்டு ஒன்றுக்குப் பதில் நான்கு ஆனது. (நான்கில் நம் ஊரில் எப்போதும் கேட்பது இரண்டாவதுதான். இறையியல் காரணம் எதுவும் இல்லை, அதுதான் சின்னது.)

இதற்குத்தான் 1969 செப்டம்பரில் கர்தினால்கள் ஒத்தாவியானியும் பாச்சியும் திருத்தந்தைக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பூசை ஒரு பலி என்று திரிதெந்து சங்கம் வரையறுத்துச் சொன்னதிலிருந்து இது விலகிப் போகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஒத்தாவியானி சாதாரண ஆள் இல்லை, முந்தின வருடம் வரை திருச்சபையின் விசுவாசப் போதனையைக் காக்கும் உரோமைத் துறைக்கே தலைமை. புதுப் பூசையை உருவாக்கிய குழுவில் ஆறு புரோட்டஸ்டண்ட் பார்வையாளர்கள் இருந்ததையும் சேர்த்துக்கொண்டு, லூத்தர் பூசை என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். பார்வையாளர்கள் எழுதித் தந்த பூசை அல்ல அது. அதற்காகச் சும்மா சொல் மாற்றம் என்று தள்ளிவிடவும் முடியாது.

எனக்குப் புதுப் பூசையில் மறுபேச்சு இல்லாமல் பிடித்தது வாசகங்கள். முன்பு வருடா வருடம் அதே ஒரு நிருபம், அதே ஒரு நற்செய்தி. இப்போது ஞாயிறுகளுக்கு மூன்று வருடச் சுழற்சி, பழைய ஏற்பாடும் சேர்த்து மூன்று வாசகங்கள். யோபுவையும் ஆமோசையும் கோவிலில் கேட்ட முதல் தலைமுறை நாங்கள்தான்.

லெஃபெவ்ர் என்று ஒருவர் பெயர் அடிக்கடி வருகிறதே?

மார்செல் லெஃபெவ்ர், பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவில் டாக்கார் பேராயராக இருந்தவர். சங்கத்தில் உட்கார்ந்து பேசியவர்தான். 1970-ல் 10-ஆம் பயஸ் பெயரில் (நம் பாட்டிமார் வாயில் பத்திநாதர்) ஒரு குருக்கள் சபை தொடங்கி, சுவிட்சர்லாந்தின் எக்கோனில் பழைய முறையிலேயே குருக்களைப் பயிற்றுவித்தார். 1976-ல் உரோமை அவருடைய குருத்துவப் பணிகளுக்குத் தடை போட்டது. 1988 ஜூன் 30-ல், உரோமையின் அனுமதி இல்லாமல், நான்கு பேரை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார், சபை விலக்கு வந்தது. 1991-ல் இறந்தார். 2009-ல் 16-ஆம் பெனடிக்ட் அந்த நான்கு ஆயர்கள் மீதான விலக்கை நீக்கினார். அதே வாரம் நால்வரில் ஒருவர் யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசிய பேட்டி வெளியாகி, உலகமே திருத்தந்தையைக் கிழித்தது.

லெஃபெவ்ரின் உண்மையான கோபம் இலத்தீனைப் பற்றியது என்று நினைத்தால் பாதிதான் புரியும். 1965 டிசம்பர் 7-ல் வந்த சமயச் சுதந்திர ஏடுதான் அவருக்கு முள். எந்த மனிதனையும் சமய விஷயத்தில் அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அந்த ஏடு. அதற்கு நூறு வருடம் முன்னால், 1864-ல், 9-ஆம் பயஸ் வெளியிட்ட பிழைகளின் பட்டியல் வேறு மாதிரி பேசியது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான், வளர்ச்சி என்று பதில் சொல்பவர்களும் கொஞ்சம் வியர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் நிழலில் கோவில் கட்டிக் கும்பிடும் நாம், சமயச் சுதந்திரம் பிழை என்று இந்த நாட்டில் நின்று பேசுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

லெஃபெவ்ர் சபையாரின் பூசைக்குப் போகலாமா? செல்லுமா?

பூசை செல்லும், குருக்கள் உண்மையான குருக்கள். ஆனால் சபைக்கு உரோமையோடு முறையான நிலை இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் இரக்கத்தின் ஆண்டுக்காக அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் அதிகாரம் கொடுத்தார், பிறகு அதை நீட்டித்தார், 2017-ல் திருமணங்களுக்கும் வழி செய்தார். பாளையங்கோட்டையிலேயே அவர்களுக்கு இல்லம் இருக்கிறது, ஏதோ ஐரோப்பா விவகாரம் என்று நினைக்க வேண்டாம். போவதா வேண்டாமா என்பதை உங்கள் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

ஒரு திருத்தந்தை அனுமதிக்கிறார், அடுத்தவர் தடுக்கிறார். என்ன இது?

குழப்பமாகத்தான் இருக்கிறது. 1971-ல் பழைய பூசையைக் காப்பாற்றச் சொல்லி இங்கிலாந்தின் எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஒரு விண்ணப்பம் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் கத்தோலிக்கரே இல்லை. அதில் அகதா கிறிஸ்டி பெயரைப் பார்த்ததும் 6-ஆம் பவுல் சம்மதித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அதனாலேயே அந்த அனுமதிக்குத் துப்பறியும் நாவலாசிரியையின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1984-ல் 2-ஆம் யோவான் பவுல், ஆயர் அனுமதித்தால் எந்த நாட்டிலும் நடத்தலாம் என்றார். 2007 ஜூலையில் பெனடிக்ட், எந்தக் குருவும் வைக்கலாம், ஆயரிடம் கேட்கவே வேண்டாம், அது ஒருபோதும் ஒழிக்கப்படவில்லை என்றார். 2021 ஜூலை 16-ல் பிரான்சிஸ் அதைத் திருப்பிப் போட்டார்: அதிகாரம் மறுபடி ஆயரிடம், பங்குக் கோவில்களில் கூடாது, புதுக் குழுக்கள் கூடாது, புதிதாகக் குருவாகிறவர் உரோமை வரை கேட்க வேண்டும். பழைய பூசையைச் சங்கத்தையே மறுப்பதற்கான கொடியாகப் பிடிக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சிலர் அப்படித்தான் பிடித்தார்கள், இணையத்தில் அரைமணி நேரம் இருந்தால் தெரியும். ஆனால் அமைதியாக முழங்காலில் நின்று செபித்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கும் சேர்த்தே அடி விழுந்தது.

2025 மே 8-ல் 14-ஆம் லியோ வந்தார். (லியோவுக்கு நம் பழைய தமிழில் சிங்கராயர். யாராவது அந்தப் பெயரில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன், நடக்கவில்லை.) அந்த அக்டோபரிலேயே பேதுரு பேராலயத்துக்குள் கர்தினால் பர்க் பழைய முறைப் பூசை வைக்க அனுமதி கிடைத்தது. 2021 ஆணை அதனால் நீங்கிவிடவில்லை.

சரி, நேராகக் கேட்கிறேன். இந்தச் சீர்திருத்தத்தால்தானே மேற்கில் கோவில்கள் காலியாயின?

நேரான பதில் இல்லாத கேள்வி. கணக்கு பயமுறுத்துவது உண்மை. அமெரிக்காவில் காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1955-ல் கேட்டபோது 75 விழுக்காடு கத்தோலிக்கர் அந்த வாரம் பூசைக்குப் போனதாகச் சொன்னார்கள். 2014 முதல் 2017 வரையிலான சராசரி 39. அதே காலத்தில் புரோட்டஸ்டண்டுகள் விழுக்காடு 42-லிருந்து 45, அசையவே இல்லை. உலகம் முழுவதும் லௌகீகமாகிவிட்டது, அதனால்தான் என்று கைகழுவுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது எண் தொண்டையில் சிக்கும். கன்னியர்கள் 1965-ல் அங்கே ஏறத்தாழ 1,80,000 பேர், இப்போது 40,000-க்கும் கீழே.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் கியோம் குஷே பங்குப் பதிவேடுகளையும் பழைய கணக்கெடுப்புகளையும் தோண்டிப் பார்த்து, முறிவு 1965-66-ஐ ஒட்டித் தொடங்குகிறது, சங்கம் அதற்குத் தூண்டுகோல் என்கிறார். பூசையின் மொழியை அவர் பெரிதாகப் பேசவில்லை. ஞாயிறு கடன், பாவசங்கீர்த்தனம், நரகம், வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பது என்று கட்டாயமாக இருந்தவை திடீரென்று உன் விருப்பம் ஆனபோது, இத்தனை நாள் சொன்னதும் அப்படித்தானோ என்று மக்களுக்குத் தோன்றியது என்கிறார். எனக்கு இதில் ஓர் உண்மை தெரிகிறது.

மறுபக்கம், அமெரிக்கக் குருவும் சமூகவியலாளருமான ஆண்ட்ரூ கிரீலி தலைகீழாகச் சொன்னார். சங்க மாற்றங்களைப் பெரும்பாலோர் விரும்பினார்கள், ஆளைத் துரத்தியது 1968 ஜூலையில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தடை என்பது அவர் வாதம். அதாவது மாறியது அல்ல, மாறாததுதான் காரணம்! கனடாவின் கியூபெக்கில் பார்த்தால் 1960-லேயே, சங்கம் கூடும் முன்னரே, ஆட்சி மாறி, பள்ளியும் மருத்துவமனையும் திருச்சபையின் கையை விட்டுப் போகத் தொடங்கிவிட்டன. நெதர்லாந்தில் சீர்திருத்தத்தை எல்லோரையும் விட ஆவலாகப் பிடித்துக்கொண்டார்கள், சரிவும் அங்கே பயங்கரம். அப்புறம் ஆப்பிரிக்கா. இன்று அங்கே சுமார் 28 கோடிக் கத்தோலிக்கர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பது தாய்மொழியில் முரசோடும் ஆட்டத்தோடும் நடக்கும் புதுத் திருப்பலி. அதே நேரம் பெந்தகோஸ்து ஞாயிறையொட்டிப் பாரீசிலிருந்து சார்த்ருக்கு மூன்று நாள், நூறு கிலோமீட்டர் நடக்கும் பழைய பூசைக்காரர்களின் யாத்திரையில் அண்மை ஆண்டுகளில் 18,000 பேருக்கு மேல்கூட வருகிறார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். ஒரே காரணம் சொல்பவர் யாராக இருந்தாலும் பாதிக் கணக்கை மறைக்கிறார்.

தமிழ்நாட்டில் ஏன் இந்த அளவுக்குச் சண்டை இல்லை?

இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நமக்கு இலத்தீன் போனதில் அழுகை வரவில்லை, ஏனென்றால் இலத்தீன் நம்முடையதாக இருக்கவே இல்லை. சாமியார் அங்கே பீடத்தில் முதுகைக் காட்டி ஏதோ முணுமுணுப்பார், என் அப்பத்தா இங்கே தரையில் உட்கார்ந்து தமிழில் செபமாலை சொல்வார். மணி அடித்தால் நிறுத்தி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, விட்ட மணியிலிருந்து மறுபடி தொடர்வார். கேட்டால், "சாமியாரு அவரு வேலையப் பாத்தாரு, நான் என் வேலையப் பாத்தேன்" என்பார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அவருக்கு முன்னால் தத்துவ போதகரும் (ராபர்ட் தெ நொபிலி) போட்டுக்கொடுத்த பாதையில், நம் பக்தி எப்போதோ தமிழாகிவிட்டிருந்தது.

நமக்குப் போனது வேறு. நம் பழைய வேதத் தமிழ் போனது. பட்டியலைப் பாருங்கள்: சர்வேசுரன் போய் இறைவன். சேசு போய் இயேசு. போர்த்துக்கீசிய வாடை அடித்த இஸ்பிரீத்து சாந்து போய்த் தூய ஆவி. அர்ச்சியசிஷ்டவர் போய்ப் புனிதர். தேவதிரவிய அனுமானம் போய் அருட்சாதனம். மேற்றிராணியார் ஆயரானார், பாப்பானவர் திருத்தந்தையானார். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் மூவரும் பேதுரு, பவுல், யோவான் ஆனார்கள். 2-ஆம் யோவான் பவுலே முதலில் நமக்கு இரண்டாம் அருள் சின்னப்பர்தான், ஆட்சிக் காலத்திலேயே பெயர் மாறிப்போன திருத்தந்தை உலகத்தில் வேறு யாரும் உண்டா தெரியவில்லை. 1995-ல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்ததும் இதெல்லாம் உறுதியானது.

நல்லதுதான் என்று நினைக்கிறேன். தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின் வந்த தலைமுறைக்கு "திரவிய அனுமானம்" என்றால் கல்லாப்பெட்டிதான் ஞாபகம் வரும். ஆனாலும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று இருட்டில் ஒரு கிழவி சொல்லும்போது இருந்த கனம் "அருள் நிறைந்த மரியே"வில் எனக்கு இருந்ததில்லை. பிரியதத்தம் என்றால் என்ன என்று அப்பத்தாவுக்குத் தெரியாது, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. இலத்தீனுக்காக ஏங்கும் பிரெஞ்சுக்காரனின் வலி எனக்குப் புரிவது இந்த ஒரு வழியில்தான்.

அப்போது பழைய காலம்தான் நல்ல காலமா?

யார் சொன்னது? வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதியைப் பிரித்து ஒரு சுவர் நின்றது, 1910-ல்தான் இடித்தார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் கேட்டது அதே இலத்தீன். இன்றும் நடுவில் சுவர் வைத்த கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, இப்போது இரண்டு பக்கமும் கேட்பது அதே தமிழ்.

ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் உட்கார்ந்து பூசை, இதெல்லாம் இந்து மயமாக்கல் என்கிறார்களே?

1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை ஒப்புதல் தந்த 12 அம்சங்கள் அவை: செருப்பைக் கழற்றுவது, கைகூப்பி வணங்குவது, பஞ்சாங்க வணக்கம், எண்ணெய் விளக்கு, சால்வை, ஆரத்தி போன்றவை. பின்னணியில் உழைத்தவர் நம் தென்னாற்காட்டுப் பக்கத்து அமலோற்பவதாஸ் அடிகளார், பெங்களூரின் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நடத்தியவர். அப்போதே இந்தியாவுக்குள் கடும் எதிர்ப்பு கிளம்பியது.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். பழமைவாதிகள் இது புறசமயம் என்றார்கள். தலித் கத்தோலிக்கர்கள் பலர், எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய கோவிலின் சடங்கைத்தான் இந்தியப் பண்பாடு என்று எங்கள் பீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களா, பறைக்கு ஏன் இடமில்லை என்று கேட்டார்கள். முதல் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. முதலாவதற்கு: 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் காவியும் பூணூலுமாக நின்றபோதும் இதே சண்டைதான். 1623-ல் உரோமை அவருக்குச் சாதகமாகச் சொன்னது, 1744-ல் மலபார் சடங்குகளைக் கடுமையாகத் தடுத்தது, 1940-ல் அந்தத் தடைக்கான சத்தியப்பிரமாணத்தை எடுத்துவிட்டது. ஐரோப்பாவுக்கு 1962-ல் ஆரம்பித்தது நமக்கு அப்போதே முந்நூற்றைம்பது வருடப் பழசு.

கேரளாவில் நடக்கும் அடிதடியும் இதுதானா?

அதேதான், ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக. கேரளத்தின் கீழை முறைக் கத்தோலிக்கரான சீரோ மலபார் சபை 2021 ஆகஸ்டில், குரு முதல் பாதி மக்களை நோக்கியும் நற்கருணைப் பகுதி பீடத்தை நோக்கியும் நிற்க வேண்டும் என்று ஒரே முறையைக் கொண்டுவந்தது. எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டம், ஐம்பது வருடமாக நாங்கள் மக்களைப் பார்த்துத்தான் வைக்கிறோம், அதுதான் எங்கள் வழக்கம் என்று எதிர்த்தது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பேராலயத்துக்குள்ளேயே கைகலப்பு, பீடத்தில் தள்ளுமுள்ளு, போலீஸ், கோவிலுக்குப் பூட்டு. 2024-ல் ஞாயிறும் கடன் திருநாளும் ஒரு பூசையாவது புது முறையில் என்று ஒரு சமரசம் வந்தது.

கவனித்தீர்களா, அங்கே மிகப் பழைய மரபு என்று சொல்லி மாற்றுபவர்கள் அதிகாரிகள், வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த பழக்கத்தை எங்கள் மரபு என்று காப்பவர்கள் மக்கள். மரபு என்று நாம் கட்டிப்பிடிப்பது பெரும்பாலும் நாம் சிறுவயதில் பார்த்த பூசையைத்தான். அது 1570-ஐச் சேர்ந்ததா 1970-ஐச் சேர்ந்ததா என்பதெல்லாம் அப்புறம்.

பிரான்சிஸ் காலத்துச் சண்டைகள்?

அவை பூசையை விட்டு ஒழுக்கத்துக்கு நகர்ந்துவிட்டன. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்களுக்கு நன்மை கொடுப்பது பற்றி 2016-ல் பிரான்சிஸ் வெளியிட்ட ஏட்டில் வந்த ஓர் அடிக்குறிப்பு, எண் 351, நான்கு கர்தினால்களைக் கேள்வித்தாளோடு வரவைத்தது. எழுத்தில் நேரடிப் பதில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில், ஒரே பாலினத்து இணையர்களுக்குத் திருமணமாகத் தோன்றாத எளிய ஆசீர் தரலாம் என்று வந்தபோது, ஆப்பிரிக்க ஆயர்கள் கர்தினால் அம்போங்கோ தலைமையில், எங்கள் கண்டத்தில் அது நடக்காது என்று சொன்னார்கள். இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் எந்தப் பக்கம்?

புதுத் திருப்பலிப் பக்கம், கொஞ்சம் முணுமுணுப்போடு. எனக்கு விவிலியத்தைக் கொடுத்தது அது. ஆனால் மைக்செட்டும் கீபோர்டும் சினிமா மெட்டும் ஒரு நிமிடம்கூட நம்மைச் சும்மா விடாத ஞாயிறுகளில், குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பாட்டுக் குழு அடுத்த பாட்டுக்குத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்கும்போது, அந்தப் பழைய நிசப்தம் வேண்டும் போல இருக்கும். சங்கம் கேட்டது முழுமையான, உணர்வுபூர்வமான பங்கேற்பு. சத்தம் போடச் சொல்லவில்லை. புனித மௌனத்தையும் அதே ஏட்டின் 30-ஆம் எண்ணில் கேட்டிருக்கிறது, அதை மட்டும் யாரும் நடைமுறைப்படுத்தவில்லை.

பழைய தமிழ்ச் செபங்களைச் சொல்லலாமா? தடை ஏதும் உண்டா?

ஒரு தடையும் இல்லை. வீட்டில் எந்தத் தமிழில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். போன வருடம் ஊரில் ஒரு துக்க வீட்டில் செபமாலை. முன்னால் சொன்னது சின்னப் பெண், புதுத் தமிழ். பதில் சொன்ன கூட்டத்தில் பாதி கிழவிகள். "புனித மரியே, இறைவனின் தாயே" என்று ஒரு பாதியும் "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று இன்னொரு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நீளம் ஒத்துவராமல், முதலில் முடித்தவர்கள் காத்திருந்து, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும்" என்ற இடத்தில் எல்லோர் குரலும் ஒன்றாகச் சேர்ந்தது. அது மட்டும் இரண்டிலும் ஒன்று. அடுத்த சொல்லில், மரண நேரத்திலும், இறப்பின் வேளையிலும் என்று மறுபடி பிரிந்து போனார்கள். ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படியே.